வரையும் பெயரும்: ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ படங்களில் அன்றாடச் செடிகள்

1. முன்னுரை

எர்ணாகுளம் மாவட்டத்தின் மட்டாஞ்சேரியில் உள்ள அரண்மனை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியரால் கட்டப்பெற்றுக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு அளிக்கப்பெற்றது. 1663இல் டச்சுக்காரர் இதனைப் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்னும் பெயரும் இதற்கு வழங்கலாயிற்று. இதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. மரமும் கொடியும் விலங்கும் பறவையும் இச்சுவர்களில் உண்டு. ஆயின் வெற்றிடம் இல்லை. உருவத்திற்கும் உருவத்திற்கும் இடையில் எஞ்சும் சிறு இடத்தையும் ஏதேனும் ஓர் அணியோ இலையோ நிரப்பி நிற்கிறது. இயற்கை இங்குக் கதைக்குப் பின்புலமாக அமைகிறது.

இதே கொச்சியில், டச்சு ஆட்சியின் தொடக்கக் காலத்தில், இதற்கு முற்றிலும் மாறான படத்தொகுதி ஒன்று உருவாயிற்று. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்னும் நூலின் படங்களே அவை. வெண்மையான தாள், அதில் ஒரு கிளை, சில இலை, ஒரு பூ, பிளந்து காட்டிய ஒரு காய். வண்ணமில்லை, கதையில்லை, பெரும்பாலான படங்களில் மனிதரும் இல்லை. வரையப்பெற்றவையோ வாழை, தெங்கு, மிளகு, இஞ்சி, நொச்சி முதலாய வீட்டுப்புறத்துச் செடிகள்.

குறைந்த கோடுகளால், அன்றாடப் பொருளைத் தனித்து நிறுத்திக் காட்டும் இயற்கை ஓவியத்தை இக்கட்டுரை ‘சிறும ஓவியம்’ எனக் குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘மினிமலிசம்’ என்னும் பெயரால் எழுந்த இயக்கத்தோடு இக்கொச்சிப் படங்களுக்கு வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. விட்டுவிடுதலின் மூலம் பொருளை உணர்த்தும் முறை இரண்டற்கும் பொது என்ற அளவிலேயே சொல் இங்கு ஆளப்பெறுகிறது. இப்படங்களில் படம் எவற்றை விட்டுவிடுகிறதோ அவற்றுள் பலவற்றைச் செடியின் பெயர் ஏற்றுக்கொள்கிறது என்பதும், ஆகவே பெயரை ஒதுக்கிப் படத்தை மட்டும் கொள்ளும் வாசிப்பும் மொழிபெயர்ப்பும் குறையுடையன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. நூலின் ஆக்கம்

நூலை உருவாக்கியவர் 1670 முதல் 1676 வரை மலபாரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த ஹென்றிக் வான் ரீட் ஆவார். 742 செடிகள் இதில் விளக்கப்பெற்றுள்ளன என்பது பொதுவாகத் தரப்பெறும் கணக்கு. செடிகளை அடையாளம் காட்டி அவற்றின் பெயரையும் மருத்துவப் பயனையும் கூறியவர்கள் இவ்வூர் மருத்துவர்களே. ஈழவ மருத்துவரான இட்டி அச்சுதன், கொங்கணி பேசிய ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோர் தந்த சான்றுரைகள் முதல் தொகுதியில் அச்சாகியுள்ளன. இட்டி அச்சுதனின் சான்றுரை 1675 ஏப்ரல் 20ஆம் நாளிட்டது, கோலெழுத்தில் அமைந்தது. கொங்கணி மருத்துவர்களின் சான்றுரை நாகரி எழுத்தில் உள்ளது.

மொழிபெயர்ப்பாளர்கள் கருத வேண்டியது இந்நூலின் மொழிவழியாகும். மலையாளத்தில் சொல்லப்பெற்ற செய்தி, மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோவின் வழியாகப் போர்த்துக்கீசியத்திற்குச் சென்றது. அதிலிருந்து டச்சு மொழிக்கும், இறுதியில் இலத்தீனுக்கும் சென்றது. நான்கு மொழிகளைக் கடந்த இப்பயணத்தில் உரைநடை முழுதும் உருமாறியது. மாறாது வந்தவை இரண்டே: ஒன்று படம், மற்றொன்று பெயர்.

படங்களும் ஒரே முயற்சியில் அமைந்துவிடவில்லை. தொடக்கத்தில் கார்மலைட் துறவியான மத்தேயு வரைந்த படங்கள் பயன்பட்டன. பின்னர் அவை போதாவெனக் கருதப்பெற்றுக் கம்பெனி ஊழியரான ஓவியர் சிலரைக்கொண்டு செடிகளை நேரில் பார்த்துப் புதிதாக வரையும் பணி மேற்கொள்ளப்பெற்றது. இவ்வரலாற்றை ஹெனிகர் (1986) விரிவாக ஆராய்ந்துள்ளார். பிறகு இவ்வரைபடங்கள் செப்புத்தகட்டில் பொறிக்கப்பெற்று அச்சாயின. ஆகவே இன்று காணும் கோடு, கொச்சியில் செடியைக் கண்ட கண்ணுக்கும் ஆம்ஸ்டர்டாமில் தகட்டைப் பொறித்த கைக்கும் பொதுவானது.

3. வெற்றிடம்

வெற்றிடத்தைப் பொருளுடையதாக்கும் ஓவிய மரபு கிழக்காசியாவில் நெடுங்காலமாக உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீனத் துறவி மூச்சியின் ஓவியம் ஒன்று ஆறு பெர்சிம்மன் பழங்களை மட்டும் காட்டுகிறது. மேசையும் இல்லை, சுவரும் இல்லை. பழங்களைச் சூழ்ந்த வெறுமை காண்பவரின் மனத்தை அப்பழங்களிலேயே நிறுத்துகிறது. கியோட்டோவின் தைத்தொகுஜி மடத்தைச் சார்ந்த அவ்வோவியத்தில் வெற்றிடம் தியானத்திற்குரியது.

கொச்சிப் படங்களின் வெற்றிடம் வேறு நோக்கமுடையது. ஓரிடத்திற்குரிய செடியை எவ்விடத்திலும் அடையாளம் காணத்தக்கதாக்குவதே அதன் பணி. வேலியோரம் நின்ற நொச்சியிலிருந்து வேலி நீக்கப்பெறுகிறது. முற்றத்து வாழையிலிருந்து முற்றம் நீக்கப்பெறுகிறது. ஒரே கிளையில் மொட்டும் மலரும் காயும் சேர்ந்து காட்டப்பெறும்போது பருவமும் நீங்கிவிடுகிறது. இங்ஙனம் நீக்கியதன் பயனாகவே ஐரோப்பாவில் இருந்த ஒருவர் தாம் கண்டிராத செடியை அறிய முடிந்தது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ‘ஸ்பீசியஸ் பிளாண்டாரம்’ நூலில் இப்படங்களைப் பலவிடத்தும் சுட்டியுள்ளார். உலர்த்திய செடி கிடையாதபோது படமே அவ்வினத்தின் வகைச்சான்றாக இன்றும் கொள்ளப்பெறுவது உண்டு.

அறிவியலுக்காக வரையப்பெற்ற ஒன்றைக் கலையெனக் கொள்ளலாமா என்னும் வினா எழலாம். இப்படங்களில் பயனுக்கு மேற்பட்ட ஒன்று நிகழ்வதைக் காணலாம். வாழையிலை நாள்தோறும் உணவு இடப்பெறுவது. ஆகவே அதனை எவரும் நின்று பார்ப்பதில்லை. பெருந்தாளில், சூழல் எதுவுமின்றி, நரம்பு நரம்பாக வரையப்பெற்ற வாழையிலை அப்பழக்கத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மன்னரையும் தெய்வத்தையும் வரைவதற்கு ஒதுக்கப்பெறும் அளவான இடம் ஒரு செடிக்கு ஒதுக்கப்பெற்றிருப்பதே ஒரு மதிப்பீடாகும். எனினும் இம்மதிப்பின் விலையாகச் செடியை நட்டவர், பறித்தவர், அரைத்தவர் ஆகியோரின் கைகள் படத்திலிருந்து மறைந்துவிட்டன. இலத்தீன் உரைப்பகுதி மருத்துவப் பயனைக் கூறுகிறது, படம் கூறுவதில்லை.

4. படம் கூறாததைப் பெயர் கூறல்

படத்தகடுகளில் செடியின் பெயர் ரோமன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய எழுத்துகளில் பொறிக்கப்பெற்றுள்ளது. நாகரியில் உள்ளது கொங்கணிப் பெயர். வெறும் தாளில் செடியைத் தவிர எஞ்சியிருப்பவை இவ்வெழுத்துகள் மட்டுமே. மூன்று சான்றுகளால் இவற்றின் பணியை விளக்கலாம்.

முதலாவது நொச்சி. நூலின் இரண்டாம் தொகுதியில் ‘காரநோசி’, ‘பெம்நோசி’ என இரு செடிகள் உள்ளன. கருநொச்சி, வெண்ணொச்சி என்பன தமிழர்க்கு விளக்கம் வேண்டாதவை. கறுப்பு மையால் அச்சிட்ட படம் கருமையையும் வெண்மையையும் வேறுபடுத்திக் காட்ட இயலாது. அவ்வேறுபாட்டைச் சுமப்பது பெயரின் அடைமொழியே. வெண் என்பதன் வகரம் ரோமன் வடிவில் பகர ஒலியுள்ள எழுத்தால் குறிக்கப்பெற்றிருப்பதும் நோக்கத்தக்கது. வாழை ‘பாலா’ எனப் பதிவாகியிருப்பதும் இவ்வாறே. சகரத்தை டச்சு எழுத்துக்கூட்டலில் மூன்று எழுத்துகள் சேர்த்துக் காட்டியிருப்பதைச் ‘சக்கமரம்’ என்னும் பலாவின் பெயரில் காணலாம். பெயரைச் சொன்ன நாவும் கேட்ட செவியும் எழுதிய கையும் வெவ்வேறு மொழிக்குரியன என்பதற்கு இவ்வடிவங்கள் சான்றாகின்றன.

இரண்டாவது பனை. முதல் தொகுதியில் ‘கரிம்பன’, ‘ஆம்பன’ என இரு தலைப்புகள் உள்ளன. முன்னது பெண்மரம், பின்னது ஆண்மரம். ஆண் + பன என்பதில் ணகரம் பகரத்தின் முன் மகரமாகத் திரிந்தமை பேச்சு வடிவம் அப்படியே பதிவானதைக் காட்டுகிறது. இரு படங்களையும் தனித்தனியே காண்பவர் இரண்டு இனங்கள் எனக் கருத இடமுண்டு. ஆண் என்னும் அடை அறிந்தவர்க்கோ இரண்டும் ஓரினம் என்பது பெயரிலேயே விளங்கிவிடும். இவ்விரண்டையும் லின்னேயஸ் பின்னர் ஒரே இனமாகக் கொண்டார். பெயரின் இலக்கணம் அம்முடிவை முன்னரே தன்னுள் கொண்டிருந்தது.

மூன்றாவது சான்று ஒன்பதாம் தொகுதியில் உள்ள ‘தொட்டாவாடி’. தொட்டால் இலை மடங்கும் சிறு செடி இது. மடங்குதல் என்பது நிகழ்ச்சி. கோட்டோவியம் ஒரு கணத்தையே காட்டவல்லது. விரிந்த இலையை வரைந்தால் வாட்டம் தெரியாது. வாடிய இலையை வரைந்தால் தொடுகை தெரியாது. தொடுதலும் வாடுதலும் ஆகிய இரு வினைகளையும் அவற்றின் காரணகாரியத் தொடர்பையும் ஒரு பெயர் சொல்லிவிடுகிறது. லின்னேயஸ் மலபார்ப் பெயரை ஏற்கவில்லை. ஆயினும் அவர் இச்செடிக்கு இட்ட ‘சென்சிட்டிவா’ என்னும் அடைமொழி தொடுவுணர்வையே குறிக்கிறது. விலக்கப்பெற்ற பெயரின் பொருள் இலத்தீன் உருவில் மீண்டும் வந்தமை இதனால் அறியப்பெறும்.

இச்சான்றில் படத்தின் தேவையும் புலப்படுகிறது. இன்று மலையாளத்தில் தொட்டாவாடி எனப்படுவது அமெரிக்காவிலிருந்து வந்த, தமிழில் தொட்டாற்சுருங்கி எனப்படும் முள்ளுடைய செடி. நூலின் படம் காட்டுவது அதனை அன்று. இன்று மலையாளத்தில் முக்குற்றி என வழங்கும் மஞ்சள்பூச் செடியை. பெயர் ஒரு செடியை விட்டு மற்றொன்றுக்குச் சென்றுவிட்டது. அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இங்குத் தவறுவார். படம் அவரைத் திருத்தும். ஆகவே பெயரும் படமும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் உறவுடையன எனலாம்.

5. மிளகும் கப்பல்மிளகும்

மட்டாஞ்சேரியின் வணிக வாழ்வோடு நெருங்கிய செடி மிளகு. நூலின் ஏழாம் தொகுதி இதனை ‘மொலகோ கொடி’ எனக் காட்டுகிறது. இரண்டாம் தொகுதியில் மிளகாய்ச் செடி ‘காப்போ மொலகோ’ எனப்படுகிறது. காப்போ என்பதனைக் கப்பல் என்னும் சொல்லின் தேய்வாகக் கொள்ள இடமுண்டு. கப்பல்முளகு என்னும் மலையாள வழக்கு இதற்குத் துணையாகிறது. கப்பலில் வந்த மிளகு என்பது பொருள்.

இவ்விரு பெயர்களையும் இன்றைய மலையாளத்தோடு ஒப்பிடின் ஒரு தலைகீழ் மாற்றம் தெரியவரும். நூல் உருவான காலத்தில் அடையின்றி நின்ற முளகு, மிளகைக் குறித்தது. வந்தேறியாகிய மிளகாய்க்கே அடை வேண்டியிருந்தது. இன்று அடையின்றி முளகு எனின் மிளகாயே முதலில் நினைவுக்கு வரும்; மிளகுக்குக் குருமுளகு, நல்லமுளகு என அடை சேர்க்க வேண்டியுள்ளது. பண்பாட்டில் ஒரு பொருளின் இடம் உயரும்போது அதன் பெயர் அடையை இழப்பதும், பழைய பொருள் அடையைப் பெறுவதும் பல மொழிகளில் நிகழ்வதை விட்கோவ்ஸ்கி, பிரௌன் (1983) ஆகியோர் எடுத்துக்காட்டியுள்ளனர். தமிழ் இம்மாற்றத்தைப் பொதுவழக்கில் தவிர்த்து, மிளகு என்பதோடு காய் என்னும் சொல்லைச் சேர்த்து மிளகாய் எனப் புதுப்பெயர் ஆக்கிக்கொண்டது. குமரி மாவட்டத் தமிழில் மிளகை நல்லமிளகு என வழங்குவது மலையாள நிலைக்கு அணித்தாக உள்ளது.

நூலின் இரு படங்களும் இவ்வரலாற்றைத் தாமே கூறா. ஒரு கொடியும் ஒரு செடியும் வெண்தாளில் சமநிலையில் நிற்கின்றன; எது பழையது, எது கடல் கடந்து வந்தது என்பதற்குக் கோட்டில் குறிப்பில்லை. பெயரில் உண்டு. கடலையும் கப்பலையும் வாணிகத்தையும் வரையாமல் விட்ட ஓவியத்தில் அவற்றைக் கொணர்ந்து வைப்பது ஒற்றை அடைமொழி.

6. பெயர்களின் ஒழுங்கு

நூலில் உள்ள பெயர்களை ஒருசேர நோக்கின் மரம், கொடி, வள்ளி, கிழங்கு, புல் என்னும் வடிவச் சொற்களும், காட்டு, நீர், நல்ல, சிறு, வெண் என்னும் அடைகளும் திரும்பத் திரும்ப வருவது புலனாகும். மக்களின் செடிப்பெயர்களில் இத்தகைய ஒழுங்கு உண்டு என்பதைப் பெர்லின் (1992) பல சமூகங்களின் தரவுகளைக்கொண்டு விளக்கியுள்ளார். இந்நூலின் அமைப்பு ஈழவ மருத்துவரின் வகைப்பாட்டையே பின்பற்றியது என்னும் கருத்தை ரிச்சர்ட் குரோவ் (1995) முன்வைத்தார். பெயர்களின் வழங்கலில் இவ்வூர் அறிவு அடிப்படையாக உள்ளது என்பதில் ஐயமில்லை. பெயரின் ஒழுங்கு வேறு, தொகுதிகளைப் பகுத்த ஒழுங்கு வேறு என்பதனை மட்டும் மறத்தலாகாது. பின்னது ஆம்ஸ்டர்டாமில் பதிப்பித்தவரின் கைகளையும் கடந்து வந்தது.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் எனவும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் எனவும் பகுக்கிறது. அதன்படி தெங்கும் பனையும் புல்லின்பாற்படும். நூலின் தொடக்கத்தில் உள்ள தெங்கு, கமுகு, பனை ஆகியவற்றின் பெயர்களில் மரம் என்னும் சொல் இல்லை. பலாவிலும் பப்பாளியிலும் அச்சொல் உண்டு. இதனைக் கொண்டு பழைய பகுப்பு இங்கு வாழ்கிறது எனக் கூற முற்படலாம். ஆயின் மாவின் பெயரிலும் மரம் என்னும் சொல் இல்லையாதலின் இச்சான்று மட்டும் போதாது. முழுப் பெயர்ப்பட்டியலையும் ஆராய்ந்த பின்னரே இதனை முடிவுசெய்தல் இயலும். ‘பப்பாய மரம்’ என்பதில் அயற்சொல்லுக்குப் பின் மரம் சேர்க்கப்பெற்றமை, புதிதாக வந்த செடியை உரிய வகையில் அமர்த்தும் முயற்சி எனத் துணியலாம்.

7. எழுத்தும் எழுதுதலும்

தமிழில் எழுதுதல் என்பது எழுத்து வரைதலையும் ஓவியம் தீட்டுதலையும் ஒருங்கே குறிக்கும் சொல். ஓவியம் தீட்டிய துணி எழுத்துச்சீலை எனப்பெறும். மலையாளத்திலும் களமெழுத்து, சித்திரமெழுத்து என்னும் வழக்குகள் உண்டு. இரவிவர்மா ‘சித்ரமெழுத்து கோயித்தம்புரான்’ எனப்பெற்றார். வரை என்னும் வினையும் இவ்வாறே இரண்டற்கும் பொது. இப்படத்தகடுகளில் அப்பொதுமை நேர்ப்பொருளிலேயே நிறைவேறியுள்ளது. மலையாளத்திற்கு அச்செழுத்து இல்லாத காலத்தில் அதன் எழுத்துகள் செடியோடு செடியாகச் செப்பில் பொறிக்கப்பெற்றன. மலையாள எழுத்து அச்சேறியது முதன்முதலில் இந்நூலிலேயே என்பர். அஃது ஓவியமாகவே அச்சேறியது. இதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், 1579இல், இதே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் வார்ப்பெழுத்தில் அச்சாகியிருந்தமை ஒப்பிடத்தக்கது.

ஆகவே பெயர் இங்குப் படத்தின் கீழ் ஒட்டிய குறிப்பு ஆகாது. அதே கருவியால், அதே தகட்டில், அதே வெற்றிடத்தில் வரையப்பெற்ற படத்தின் உறுப்பாகும். லின்னேயஸ் முதலானோர் படத்தைக் கொண்டு பெயரை விலக்கியபோது ஓர் ஓவியத்தின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினர் எனலாம். கிரேக்கமும் இலத்தீனும் அல்லாத பேரினப் பெயர்களை அவர் ‘நாகரிகமற்றவை’ என ஒதுக்கினார். இதற்குத் தப்பிய பெயர்களும் சில உண்டு. ஏலக்காயின் பேரினப் பெயரான ‘எலெட்டாரியா’ இந்நூலின் ‘ஏலத்தரி’யிலிருந்து 1811இல் அமைக்கப்பெற்றது. ஏலம் + அரி எனச் சாரியை பெற்ற புணர்ச்சியாகவும், ஏலம் + தரி எனவும் இதனைப் பிரிக்கலாம். முன்னது தமிழின் ஏலரிசியோடு ஒக்கும். எவ்வாறு பிரிப்பினும் செடி முழுமைக்கும் பெயராக நிற்பது அதன் சிறு மணியே. தெங்கின் தலைப்பும் ‘தேங்கா’ எனக் காயின் பெயரிலேயே உள்ளது. முழு மரத்தையும் வரைந்த படத்திற்கு மேல், மக்களுக்கு அம்மரத்தில் எது வேண்டியதோ அதன் பெயர் நிற்கிறது. படத்தினின்று நீங்கிய கை பெயரில் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

8. முடிவுரை

கா. சு. மணிலால் பல்லாண்டுகள் உழைத்து இந்நூலின் செடிகளை அடையாளம் கண்டு, முழுநூலையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் அதனை 2003இலும், மலையாளப் பதிப்பை 2008இலும் வெளியிட்டது. செடி எது என்னும் வினாவுக்கு இதனால் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. பெயர் என்ன சொல்கிறது என்னும் வினா மொழியியலாருக்குரியது.

இந்நூலையோ இதன் பகுதிகளையோ தமிழில் பெயர்ப்போர் மூன்றினைக் கருத்தில் கொள்ளுதல் நன்று. ஒன்று, மலபார்ப் பெயரை நீக்கி இன்றைய தமிழ்ப்பெயரையோ இலத்தீன் பெயரையோ மட்டும் இடுதல் கூடாது. மூன்றும் அருகருகே நிற்றல் வேண்டும். இரண்டு, பெயரின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகளாதலின் இஃது எளிது. ஆயினும் தொட்டாவாடி, முளகு போன்ற சொற்களில் அந்நெருக்கமே வழுவுக்கு இடமாகும். மூன்று, படமின்றிப் பெயரைப் பதிப்பித்தலும் பெயரின்றிப் படத்தைப் பதிப்பித்தலும் தவிர்க்கத்தக்கன. அழகுக்காக இப்படங்களைத் தனியே மறுஅச்சிடும்போது மேலுள்ள எழுத்துகளை வெட்டிவிடின் எஞ்சுவது ஏதோ ஒரு செடியின் படமே. கொச்சியில் வாழ்ந்த மக்கள் அறிந்த நொச்சியும் மிளகும் ஆகா.

அரண்மனைச் சுவர் இயற்கையை நிறைத்துக் காட்டியது. இந்நூல் அதனைக் குறைத்துக் காட்டியது. குறைத்ததனால் விட்டுப்போன நிறம், அசைவு, வரவு, பயன் ஆகியவை பெயர்களில் எஞ்சியுள்ளன. அவற்றை அங்கிருந்து எடுத்துக்காட்டுவது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.